கண்மாய்க்குள் ஓடிய நீல ஆறு

பிள்ளைகளா, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் உங்கள் அத்தையைப் பொட்டும் பூவும் தாலியுமாகச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இருபது வருஷமாகப் புருஷன் முகம் பார்க்காதவளை இப்படி எடுக்கலாமா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அன்றைக்குப் பெரியவள் மட்டும் என் பக்கத்தில் வந்து, "அய்யா, மாமா உசுரோட இருக்காகளா இல்லையா?" என்று கேட்டாள். போன வருஷம் சின்னவன் பள்ளிக்கூட நாடகத்தில் சிப்பாய் வேஷம் கட்டப்போகிறேன் என்று குதித்துக்கொண்டு வந்தபோது கையை ஓங்கிவிட்டேன். அவன் அழுதுகொண்டே ஏன் என்று கேட்டான். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல எனக்கு வராது. எட்டாவது வரை படித்ததில் எழுத்து கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மாமா எனக்கு அத்தை மகன். உங்கள் அத்தையை, அதாவது என் அக்காவைக் கட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை. மழை பொய்த்த வருஷம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இராமநாதபுரம் போனார். கூடவே பக்கத்துத் தெருக்காரர் ஒருவரும் போனார். இரண்டு பேரையும் பர்மாச் சண்டைக்கு அனுப்பினார்கள். சண்டை முடிந்து ஒருவர்தான் திரும்பி வந்தார். அவரை ஊரில் பட்டாளத்தார் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். மாமாவைப் பற்றி ஒரு காகிதம் வந்தது. பர்மாவில் ஒரு பெரிய ஆற்றைப் படகில் கடந்த அன்றிலிருந்து ஆளைக் காணவில்லை என்று தபால்காரர் படித்துச் சொன்னார். செத்தார் என்று அதில் இல்லை. எங்கள் ஆத்தா பட்டாளத்தாரிடம் போய்க் கேட்டபோது அவர் தலையைத் தூக்காமல், "நான் வேற படகு அத்தே. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அதற்கப்புறம் அக்கா இருக்கும் பக்கமே அவர் வரமாட்டார். அக்கா கிணற்றடியில் நின்றால் மாட்டை வேறு பாதையில் ஓட்டிப்போவார். கூச்சக்காரர் என்று நினைத்துக்கொண்டோம்.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் இருக்கும். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. மாசித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எங்கள் ஊர் இளவட்டங்கள் நாடகம் போடுவது வழக்கம். புராணக் கதைதான் எப்போதும். அதற்கு முந்தின வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் மேடையில் நிஜக் குதிரையை ஏற்றிவிட்டார்கள். அது மேடையிலேயே சாணி போட்டது, ராஜா அதை மிதித்தார், ஆனாலும் சுற்றுப்பட்டியெல்லாம் அந்தக் குதிரையைப் பற்றித்தான் பேச்சு. எங்களுக்கு வயிறு எரிந்தது. ஊரில் ஒரு பட்டாளத்தார் இருக்கும்போது நாம் ஏன் சண்டை நாடகம் போடக்கூடாது என்று ஒருவன் சொன்னான். எழுதத் தெரிந்தவன் நான்தான். பட்டாளத்தார் வேண்டாம் என்று தட்டிவிடுவார் என்று பயந்துகொண்டு போய்க் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆத்தத் தாண்டுனதப் போடுவம்டா. நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார்.

அவர் சொன்ன கதை இதுதான். இரண்டு சிநேகிதர்கள் ஒரே படகில் போகிறார்கள். எதிர்க்கரையில் பகையாளி. நடு ஆற்றில் ஒருவனுக்குக் குண்டு படுகிறது. படகிலேயே சாகிறான். மற்றவன் அக்கரை சேர்கிறான். வேறு படகு என்று சொன்ன மனிதர் அல்லவா, நாடகத்துக்குச் சோகம் வேண்டுமென்று கட்டிச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். சாகிறவன் வேஷம் எனக்கு. மற்றவன் வேஷத்தைத் தானே கட்டுவதாக அவர் சொன்னார்.

அதே சமயத்தில்தான் உப்பூர்ப் பக்கமிருந்து ஒருவர் அக்காவைக் கேட்டு வந்தார். நம் சனத்தில் அறுத்துக்கட்டுகிற வழக்கம் உண்டு. புருஷன் செத்துப்போனாலும், வராமலே போனாலும், பழைய தாலியைக் கழற்றிவிட்டு வேறொருவர் கையால் கட்டிக்கொள்ளலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. வந்தவர் விவசாயி. பெண்டாட்டியை இழந்தவர். கூட நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வந்திருந்தது. அது யாரையும் கேட்காமல் போய் அக்கா மடியில் உட்கார்ந்துகொண்டது. தலையெல்லாம் சிக்கு. அக்கா எண்ணெய் எடுத்து வந்து அரைமணி நேரம் அந்தச் சிக்கை எடுத்தாள். அவர்கள் போன மறுநாள் பச்சைத் துணி வாங்கிவரச் சொல்லிச் சின்னப் பாவாடை ஒன்று கையாலேயே தைக்க ஆரம்பித்தாள். அய்யாவும் ஆத்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் வாய்விட்டுச் சம்மதம் சொல்லவில்லை. "திருவிழா முடியட்டும். நாடகம் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"நாடகத்துக்கும் இதுக்கும் என்னக்கா?" என்று கேட்டேன்.

"பட்டாளத்தாரு என்கிட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல. ஒன்கிட்டப் பேசுறாருல்ல. அதுல என்ன வருதுன்னு பாக்குறேன்."

எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. எனக்கு அப்போது படகுதான் மண்டை முழுக்க. குதிரைக்குப் பதில் நிஜப் படகு வேண்டும். கட்டைவண்டியைப் பூட்டிக்கொண்டு நாலு பேர் சாயல்குடி தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். அங்கே வத்தை வைத்திருக்கும் ஒரு பாய் எங்களிடம் கருப்பட்டி வாங்கிப் பழக்கம். வத்தை என்றால் பலகை வைத்துக் கட்டிய சின்னப் படகு.

"ஆத்துக்கா கேக்குறிய?" பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒங்க ஊர்ல ஏது தம்பி ஆறு? மாடு மோண்டாத்தான ஓடும்!"

"ஆத்த நாங்க செஞ்சுக்கிருவோம் பாய். படக மட்டும் நீங்க குடுங்க."

"கத என்ன?"

சொன்னேன். நடு ஆற்றில் சாகிற இடம் வந்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப இல்ல தம்பி. என் வத்தையில மவுத்து ஆகப்படாது. நடிப்பாக்கூட ஆகப்படாது. இதுல ஏறிப் போறவன் பொண்டாட்டி கரையில நிப்பா. இதுல ஒருத்தன் செத்தான்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, நாளைக்கு எவன் கால வைப்பான்? எம் மகனே வைக்க மாட்டான்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சாக மாட்டாக பாய். ரெண்டு பேரும் அக்கரை போயிருவாக" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். படகு வண்டியில் ஏறியது.

ஊருக்கு வந்து சொன்னதும் பட்டாளத்தார் முகம் மாறியது.

"சாகலன்னா நாடகமே வேணாம்டா."

"படகு வேணுமா வேணாமாண்ணே? சத்தியம் பண்ணிட்டேன். தட்டியில படகு செஞ்சு நிப்பாட்டுனா குதிரக்காரப் பயலுக காறித் துப்புவாய்ங்க."

அவர் வத்தையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "ஒங்க அக்கா பாக்க வருமா?" என்று கேட்டார்.

"வரும்ணே."

"சரி. ஒன் இஷ்டப்படி எழுதிக்க" என்றார்.

விளக்கு வெளிச்சத்தில் ஆறு எடுபடாது என்று நாடகத்தைப் பகலிலேயே வைத்தோம். கண்மாய் காய்ந்து கிடந்தது. அதன் நடுவில்தான் ஆறு. சனங்கள் உட்காரக் கண்மாய்க் கரை. வீட்டுக்கு ஒரு வேட்டி வாங்கி, முப்பது வேட்டியை ஒன்றாகத் தைத்து, கடையில் வாங்கிய நீலச் சாயத்தில் முக்கினோம். எங்கள் வீட்டுப் பங்குக்கு அக்கா தன் தகரப்பெட்டியைத் திறந்து மாமாவின் வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் பட்டாளத்துக்குப் போகும்போது விட்டுப்போனது. பாச்சா உருண்டை வாசனை அடித்தது.

"இது எதுக்குக்கா? என்னுத எடுத்துக்கிறேன்."

"இருக்கட்டும்டா. அவுக தாண்டுன ஆறுதான. அவுக வேட்டியும் கெடக்கட்டும்."

ஒத்திகையில் நாங்கள் யாரும் படகைப் பார்த்துப் பழகாதவர்கள் என்பது நன்றாகத் தெரிந்தது. துடுப்பை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. பகையாளித் தளபதி வேஷம் கட்டியவன் கரையில் நின்று, "ஏலே, கருப்பட்டிப் பாகாடா கிண்டுற? அடி பிடிச்சிரப்போகுது!" என்று கத்தினான். பட்டாளத்தார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் படகில் ஏறினதுமே குனிந்து உட்கார்ந்துவிடுவார். நாங்கள் நெஞ்சை நிமிர்த்தி நிற்போம். முடிவில் நான் அக்கரையில் கொடி நட வேண்டும். என்ன கொடி என்று சண்டை வந்தது. மூவர்ணக்கொடி என்றேன். "அப்ப நமக்கு அந்தக் கொடி ஏதுடா?" என்றார். ஆனாலும் அதையே வைத்துக்கொண்டோம்.

நாடகத்தன்று வெயில் சாய்ந்ததும் ஆரம்பித்தோம். கண்மாய்க் கரை கொள்ளாத சனம். குதிரைக்காரர்களும் வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் நின்று நீலத் துணியை உலுக்கினார்கள். அதற்குப் பின்னால் பனந்தடி உருளைகளின் மேல் வத்தையைக் கயிறு கட்டி இழுத்தார்கள். உண்மையிலேயே ஆறு மாதிரி இருந்தது. கரையில் ஒரு சத்தமும் இல்லை. நடுவில் ஒரு வெள்ளாடு துணியைத் தாண்டி ஓடியது. "ஏலே, ஆடு நீந்துதுடா!" என்று யாரோ கத்த, கொல்லென்று சிரிப்பு. பிறகு மறுபடியும் அமைதி. ஓலை வெடிகள் படபடவென்று வெடித்தன.

நான் நெஞ்சை நிமிர்த்தி, "தோழா, இந்த ஆறு நம்மைத் தடுக்குமோ?" என்று வசனத்தை ஆரம்பித்தேன். பட்டாளத்தார் பதில் வசனம் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்தார். மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். அவர் காதில் விழவில்லை. கையால் என் தோளை அழுத்தினார்.

"படுடா" என்றார். சின்னக் குரல்தான்.

"என்னண்ணே?"

"படுடா. படு. படுத்துரு."

கண் முழுக்கத் தண்ணீர். என் தோள்பட்டை வலிக்கிற அளவுக்கு அழுத்தினார். எனக்குப் பாய் நினைவு வந்தது, சத்தியம் நினைவு வந்தது, குதிரைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதும் நினைவு வந்தது. அவர் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து நின்றேன். வசனத்தை முழுக்கச் சொன்னேன். அக்கரையில் குதித்தேன். கொடியை நட்டேன். கண்மாய்க் கரை முழுக்க விசில். திரும்பிப் பார்த்தபோது பட்டாளத்தார் வத்தைக்குள்ளேயே குனிந்து உட்கார்ந்திருந்தார். என்ன நடிப்பு என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அக்கா ஆத்தாவிடம் பதில் சொன்னாள்.

"உப்பூருக்கு வேணாம்னு சொல்லி விட்ருங்க. அவுக அக்கரை சேந்துட்டாக. கூட இருந்தவரே பக்கத்துல நிக்கிறாரு, அழுகுறாரு. பொய்யாவா இருக்கும்? எங்கிட்டோ மாட்டிக்கிட்டுக் கெடக்காக. வந்துருவாக."

அவள் முகம் அப்படித் தெளிந்திருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நாடகத்துக்காக மாற்றினேன் அக்கா என்று சொல்ல நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை. மாமா நிஜமாகவே அக்கரை போயிருந்தால் என்ன என்றும் எனக்குள் ஒரு ஆசை. உப்பூர்க்காரர் அடுத்த ஆவணியிலேயே வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அந்தப் பச்சைப் பாவாடை கொஞ்ச காலம் பெட்டியில் கிடந்தது. பெரியவளே, நீ நாலு வயதில் கட்டிக்கொண்டு திரிந்தாயே, அது உனக்குத் தைத்தது இல்லை.

நாடகம் நடந்து இரண்டு வருஷம் கழித்துப் பட்டாளத்தார் காலெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டார். ஒரு மத்தியானம் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மாட்டுக்கொட்டகையில் கட்டில் போட்டுக் கிடந்தார். வீட்டுக்காரம்மாவைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே உட்காரச் சொன்னார்.

"ஒரே படகுதான்டா" என்றார்.

நான் கட்டிலை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தேன்.

"எல்லாரும் குனிஞ்சு கெடக்கோம். அவன் மட்டும் எந்திரிச்சு நிக்கிறான். அம்புட்டுத் தண்ணிய அவன் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்லல்ல. 'எம்புட்டுத் தண்ணி மாப்ள, இதுல கால்வாசி நம்ம கம்மாய்க்கு வந்தாப் போதும்ல'ன்னு சொல்லிக்கிட்டே நிக்கிறான். படுடா படுடான்னு கத்துறேன். சிரிக்கிறான். கழுத்துல பட்டுச்சு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"படகுலயும் ஓட்ட. தண்ணி ஏறுது. கனத்தக் கொறைக்கச் சொன்னாக. நாந்தான் தள்ளுனேன். உசுரு இருக்கா இல்லையான்னு பாக்கல. பாக்க நேரம் இல்லன்னு இத்தன வருசமா எனக்கு நானே சொல்லிக்கிறேன். நேரம் இருந்துச்சுடா."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா எங்கக்கா இந்நேரம் புள்ளகுட்டியோட இருக்கும்லண்ணே! ஏன் சொல்லல?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சொன்னேனேடா. வாயால சொல்ல ஏலலன்னுதான நாடகத்துல சொல்லக் கெளம்புனேன். நீ மாத்திப்புட்ட. அப்பவும் விடலியே, நடு ஆத்துல வச்சுச் சொன்னேன்ல, படுடான்னு. நீ படுக்கலியே."

அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார்.

நான் அக்காவிடம் சொல்லத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவள் கையில் மாமாவின் வேட்டி இருந்தது. நாடகம் முடிந்து அவரவர் வேட்டியைப் பிரித்துக் கொடுத்தபோது எல்லாம் நீலமாகத்தான் போயிற்று. மற்றவர்கள் அதை மாட்டுக்கொட்டகைக்குப் போட்டுவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உவர்மண் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"சாயம் விட்டுக்கிட்டே வருது பாரு தம்பி. அவுக வாரதுக்குள்ள வெள்ளையாயிரும்" என்றாள்.

அதற்குமேல் நான் என்ன சொல்ல? உப்பூர்க்காரர் வேறு கட்டிக்கொண்டாயிற்று. இப்போது சொன்னால் அவளிடமிருந்து தாலியையும் பொட்டையும் எடுப்பது ஒன்றுதான் மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன். அது சரியான கணக்கா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவளுக்கு அப்போது முப்பதுதான். உப்பூர் இல்லாவிட்டால் இன்னொரு ஊர் கிடைத்திருக்கும். நான் சொல்லாததற்குப் பாதிக் காரணம் அவள் மேல் வைத்த இரக்கம். மீதிப் பாதி, படகுக்காக நான்தான் கதையை மாற்றினேன் என்று சொல்ல வேண்டிவருமே என்ற பயம். பத்து வருஷம் அந்த வாயை மூடிக்கொண்டு அவள் கையால் சாப்பிட்டேன். நீங்களும் அவள் மடியில் வளர்ந்தீர்கள்.

அவள் போனபின் பெட்டியைத் திறந்தேன். இரண்டு சேலை, தபால்காரர் படித்த அந்தக் காகிதம், அடியில் வேட்டி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் நீலம் தெரிந்தது. மற்றபடி வெள்ளை.

அஸ்தி கரைக்க நாம் எல்லாரும் இராமேசுவரம் போனோம் அல்லவா? கரைத்து முடித்து, சத்திரத்தில் உங்களைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டு, கடைக்குப் போய் வருகிறேன் என்று சொன்னேன். கடைக்குப் போகவில்லை. வேட்டி என் பைக்குள் இருந்தது. கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்துக் கடலுக்குள் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று வேட்டியை விட்டேன். அது விரிந்து மிதந்தது. அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் காலில் சுற்றியது. தள்ளிவிட்டேன். மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவை அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கரையேறினேன். கைக்கு அடங்குகிற கடற்கல் ஒன்றைத் தேடி எடுத்து, அதை வேட்டிக்குள் வைத்து, நன்றாக முடிச்சுப் போட்டேன். மார்பளவு தண்ணீர் வரைக்கும் போய் அதை விட்டேன். போய்விட்டது. பிறகு கரையில் வெயிலில் உட்கார்ந்து, கட்டியிருந்த வேட்டி காய்கிற வரைக்கும் காத்திருந்தேன்.